தேசியப் பூங்காக்களின் ‘ரஸ்டிக்’ பாணி: தமிழில் என்ன சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் பழைய விடுதிகள், அருங்காட்சியகங்கள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் எழுதி வருகிறேன். அப்பூங்காக்களை நடத்தும் அரசுப் பூங்காச் சேவையின் கட்டடப் பாணிக்கு வழங்கும் ‘நேஷனல் பார்க் சர்வீஸ் ரஸ்டிக்’ என்ற பெயரைத் தமிழாக்குவதில்தான் தடை. இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு என் மறுமொழி கீழே.

> நாட்டுப்புறக் கட்டடக்கலை என்றே போடலாமே. அகராதிப் பொருள் அதுதான்.

அகராதிப்படி சரிதான் ஐயா. ஆனால் அப்படிச் சொன்னால், ஊரார் வழிவழியாகத் தமக்குத் தாமே கட்டிக்கொண்ட வீடு என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். ‘வெர்னாகுலர்’ என்பதற்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இது வேறு. எல்லோஸ்டோனில் 1904இல் திறந்த ஓல்டு ஃபெய்த்ஃபுல் விடுதியை வடிவமைத்தவர் ராபர்ட் ரீமர் என்ற கட்டடக்கலைஞர். பணம் பின்னணியில் இருந்த ரயில் நிறுவனத்துடையது. பைன் மரங்கள், கோணல்மாணலான கிளைகளையே தாங்குகட்டைகளாக வைத்த மாடிகள், சுமார் 500 டன் கல்லில் எழுப்பிய கணப்பு. பார்த்தால் காட்டுக் குடில். உள்ளே தொடக்கத்திலிருந்தே மின்விளக்கும் நீராவி வெப்பமும் இருந்தன. இதை நாட்டுப்புறம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

> கரடுமுரட்டுப் பாணி?

கல் கரடுமுரடு, உண்மை. வேலை அப்படியல்ல. கட்டடக்கலைஞர் மேரி கோல்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் கேன்யன் விளிம்பில் 1932இல் அவர் முடித்த காவற்கோபுரம் 70 அடி. பழங்குடியினர் விட்டுச்சென்ற கோபுர இடிபாடுகளை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வடிவமைத்தார். உள்ளே எஃகும் கான்கிரீட்டும், வெளியே பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய கற்கள். உட்சுவர் ஓவியங்களில் ஒரு பகுதி ஹோப்பி பழங்குடி ஓவியர் ஃபிரெட் கபோட்டி தீட்டியது. அதே விளிம்பில் 1914இல் கட்டிய ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் என்ற இளைப்பாறும் விடுதியில், புதுக் கணப்பு பல காலம் எரிந்ததுபோல் தெரிய வேண்டும் என்று கரி பூச வைத்தார். இவ்வளவு அக்கறைக்கு ‘முரடு’ என்று பெயர் வைப்பது அநியாயம். அதோடு வெற்றுக் கான்கிரீட்டை அப்படியே காட்டும் ப்ரூட்டலிசப் பாணிக்கு நாளை அந்தச் சொல் தேவைப்படும்.

‘இயற்கைப் பொருள் பாணி’ என்பதும் நிற்காது. யோசெமிட்டியில் 1927இல் திறந்த அவானி விடுதியின் வெளிச்சுவரில் மரப்பலகைபோல் தெரிவது பெரும்பாலும் மரவரி பதிய வார்த்துச் சாயமேற்றிய கான்கிரீட். ‘பூங்காக்கலை’ என்றால் தோட்டக்கலையோடு குழம்பும். விட்டுவிடலாம்.

அப்படியானால் இந்தப் பாணியின் உயிர் எது? 1918இல் உள்துறைச் செயலாளர் பூங்காச் சேவைக்கு அனுப்பிய கொள்கைக் கடிதத்திலேயே இருக்கிறது: சாலையோ கட்டடமோ எது செய்தாலும் நிலக்காட்சியோடு இசைய வேண்டும். தாமஸ் வின்ட், ஹெர்பர்ட் மையர் போன்ற பூங்காக் கட்டட வடிவமைப்பாளர்கள் அதை வேலைமுறையாகவே ஆக்கினார்கள். பெரிய கல் அடியில், மேலே போகப் போகச் சிறியது, பாறையிலிருந்தே சுவர் எழுந்ததுபோல. பாசி படர்ந்த முகம் வெளியே தெரிய வேண்டும். மலைக்குப் பக்கத்தில் ஒல்லியான தூண் நோஞ்சானாகத் தெரியும், அதனால் உத்தரமும் தூணும் தேவைக்கு மேல் பருமன். ஆக, பெயரில் நிலம் வர வேண்டும்.

என் முன்மொழிவு: நிலந்தோய் பாணி. ‘வான்தோய் மாடம்’ நமக்குப் பழக்கமான தொடர். அதற்கு எதிர்த்திசையில் போகும் கட்டடம் இது.

—

மறுமொழி:

> தரையைத் தொடாத கட்டடம் ஏது அம்மா? ‘திணைசார் பாணி’ என்றால் இன்னும் நம்முடையதாக இருக்குமே.

—

ஐயா, திணை எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அதன் வீச்சு பெரிது. நீலகிரியின் தோடர் குடிலும் திணைசார் கட்டடமே. நமக்கு வேண்டியது 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு நாட்டில் வேரூன்றி, 1933 முதல் 1942 வரை சி.சி.சி. என்ற அரசு வேலைத்திட்டத்தின் இளைஞர்களின் உழைப்பில் பரவி, 1956இல் பூங்காச் சேவையின் ‘மிஷன் 66’ கட்டுமானத் திட்டம் நவீனப் பாணிக்கு மாறியதும் ஒதுங்கிப்போன ஒன்றின் பெயர். அப்புறம், தோய்தல் தொடுதல் மட்டுமல்லவே. துணி சாயத்தில் தோய்கிறது, நிறம் இழைக்குள் இறங்குகிறது. கிராண்ட் கேன்யன் விளிம்பில் உள்ள கோல்ட்டரின் லுக்அவுட் ஸ்டூடியோவைத் தொலைவிலிருந்து பார்த்தால் பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

இதில் எனக்கு அவசரமும் உண்டு. கேன்யனின் வட விளிம்பில் 1928இல் எழுந்து, 1932இல் எரிந்து, 1937இல் மீண்டும் கட்டப்பட்ட லாட்ஜ் 2025 ஜூலையில் காட்டுத்தீக்கு இரையானது. மிச்சம் இருப்பவற்றைப் பற்றியாவது தமிழில் சரியான பெயரோடு எழுதிவைக்க வேண்டும்.

வரையறையை இப்படி வைக்கிறேன். நிலந்தோய் பாணி: கட்டடம் தன் சூழலின் கல், மரம், நிறம், அளவு ஆகியவற்றை ஏற்று நிலக்காட்சிக்குள் அடங்கி நிற்குமாறு, அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் திட்டமிட்டு வளர்த்த கட்டடப் பாணி. முதல் முறை வரும் இடத்தில் ‘ரஸ்டிக்’ என்ற வழக்குப் பெயரையும் தருவேன். ஞாயிறு வரை மறுப்பு இருந்தால் எழுதுங்கள், திங்களன்று கட்டுரைகளில் மாற்றத் தொடங்குகிறேன்.