ஸ்பர் செல் அனீமியாவுக்கு 'நெருஞ்சியணுச் சோகை'ன்னு வெக்கலாமுங்களா?

அல்லாருக்கும் வணக்கமுங்க. ஸ்பர் செல் அனீமியாங்கறது கல்லீரல் கெட்டவங்களுக்கு சிவப்பணு முள்ளு முள்ளா மாறி ஒடையற ரத்தச்சோகைங்க. அதுக்கு இந்த இழையில ரெண்டு சொல்லு வந்துச்சு. ஐயா 'குதிமுள் அணுச்சோகை'ன்னாரு, கோபி அக்கா 'முள்ளணுச் சோகை'ன்னாங்க. குதிமுள்ளுங்கறது குதிரை ஓட்டறவங்க குதிங்கால்ல மாட்டற முள்ளு, ஸ்பர்ருக்கு அது நேர் சொல்லுதானுங்க, ஆனா நம்ம காங்கேயம் தாராபுரம் பக்கம் அதைக் கண்ணால பாத்தவங்க எத்தனை பேரு இருப்பாங்க?

முள்ளணு நல்லா இருக்குதுங்க. ஸ்பர் செல்லுக்கு இன்னொரு பேரான அக்காந்தோசைட்டுலயே முள்ளுங்கற கிரேக்கச் சொல்லு இருக்குது. சிக்கல் என்னன்னா பர் செல்லுன்னு இன்னொரு மாதிரி சிவப்பணு இருக்குது, அதுக்கும் முள்ளுதான். லேப்ல ஸ்லைடு பாக்கற எங்களுக்கு இது ரெண்டையும் பிரிக்கறதுதான் வேலையே. பர் செல்லுல 10ல இருந்து 30 வரைக்கும் குட்டிக் குட்டி முள்ளு, சுத்தியும் ஒரே அளவு, ஒரே எடைவெளி. கிட்னி கெட்டவங்களுக்கு வரும், எடுத்து வெச்ச ரத்தம் பழசாப் போனாலும் சும்மாவே வரும். ஸ்பர் செல்லு அப்படி இல்லீங்க, கொஞ்சம் முள்ளுதான், ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை, ஒரு பக்கம் நெருக்கம் ஒரு பக்கம் மொட்டை.

காட்டுப்பக்கம் போனப்ப ஊமத்தங்காயைப் பாத்தனுங்க, சுத்தியும் சமமா முள்ளு, அப்படியே பர் செல்லு. பக்கத்துலயே நெருஞ்சி, அதுல ரெண்டு பெருமுள்ளு ரெண்டு சிறுமுள்ளு. அதான் கேக்கறன், பர் செல்லு ஊமத்தையணு, ஸ்பர் செல்லு நெருஞ்சியணு, நோய்க்கு நெருஞ்சியணுச் சோகை. சரியா வருமுங்களா?

இதுக்கு ஏன் இத்தனை மெனக்கெடறன்னா, ஒரு தடவை லேப் வாசல்ல ஒரு அம்மா நின்னுக்கிட்டு, ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கறாங்க சாமி, ஏன் ஏறவே மாட்டேங்குதுன்னு கேட்டாங்க. எனக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை வரலீங்க. கல்லீரல் கெட்டா கொலஸ்ட்ரால் மிகுந்த கொழுப்பு ரத்தத்துல சுத்துது, அது சிவப்பணுவோட தோல்ல ஏறி தோலு வெறைச்சுக்குது, மண்ணீரல் சந்துல நெருக்கிப் போறப்ப பிஞ்சு பிஞ்சு முள்ளாகி அங்கயே ஒடையுது. 120 நாள் ஓடவேண்டியது சீக்கிரமே போயிருது. புதுசா ஏத்தற ரத்தமும் அதே கொழுப்புல நனைஞ்சு முள்ளு விட்டுக்குது. இதைச் சொல்ல பேரு வேணுமுங்க.

— பெருந்துறை பக்கத்துல இருந்து

*

தம்பி, ஊமத்தையணு பிரமாதம், அதை அப்படியே எடுத்துக்கலாம். நெருஞ்சியில ஒரே ஒரு தயக்கம், ஸ்பர் செல் முள்ளோட நுனி பெரும்பாலும் மழுங்கி உருண்டு இருக்கும், நெருஞ்சி கூர். ஆனா கண்ணு மொதல்ல தேடறது அந்த ஒழுங்கில்லாமையைத்தான், அதனால ஒத்துக்கறேன்.

தனி அஞ்சல்ல ஒருத்தர் 'குடிச்சோகை'ன்னு சொல்லியிருந்தாரு. அது வேண்டவே வேண்டாம். முத்துன குடிக் கல்லீரல்லதான் அதிகம் பாக்கறோம், ஆனா குடிக்காதவங்களோட கல்லீரல் நோய்லயும் வரும். பரம்பரையா கொழுப்புப் புரதம் உருவாகாத குழந்தைங்க ரத்தத்துலயும் இதே மாதிரி முள்ளணு இருக்குது. பேர்லயே பழியை எழுதி வெச்சா அந்த வீட்டுப் பொம்பளைங்க வெளிய சொல்லவே மாட்டாங்க. இன்னொண்ணு, 1958ல ஸீவ்ங்கற டாக்டர் எழுதுன, குடிக்கறவங்களுக்கு வர்ற ஸீவ் சிண்ட்ரோம் வேற. அதுலயும் காமாலை, ரத்தம் ஒடையறது, கொழுப்பு ஏர்றது எல்லாம் உண்டு, ஆனா குடியை நிறுத்துனா பெரும்பாலும் தணிஞ்சிரும். நெருஞ்சியணுச் சோகை வந்துருச்சுன்னா கல்லீரல் ரொம்ப முத்திப்போச்சுன்னு அர்த்தம், கல்லீரல் மாத்தறதுதான் நெலையான வழி. ரெண்டுக்கும் ஒரே பேரு போட்டுறக்கூடாது.

1916லயே ராஜாஜி சேலத்துல தமிழ் அறிவியல் சொல்லுக்குன்னு சங்கம் வெச்சாங்க. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு நான் இத்தனை வருசமா நோயாளிகிட்ட ஸ்பர் செல்லுன்னே சொல்லிட்டு இருந்திருக்கேன்.

— சேலம்

*

சரிங்க டாக்டர். நுனி மழுங்கல்னு வெளக்கத்துல ஒரு வரி சேத்துடறனுங்க. அடுத்து ஸ்லைடு வந்தா ஆளு அடையாளம் எதுவும் இல்லாம படம் புடிச்சு, பக்கத்துல ஒரு ஊமத்தங்காயும் நெருஞ்சிக்காயும் வெச்சு இங்கயே போடறன், பாத்துட்டு அல்லாரும் சொல்லுங்க.