பீடோர் பக்கம் பின்கட்டுப் பாத்தியில் சக்கரவள்ளிக் கிழங்கு: எந்த ரகம், எப்படி நடுவது?

(மலேசியாவின் பேராக் மாநிலத்தில் வீட்டுத்தோட்டம் போடுகிற சிலர் புனைபெயரில் பேசிக்கொண்டது.)

செம்பனை ஓரம்:

தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். செடி நன்றாகவே வரும், இடுப்புயரம்கூட வளரும். மண்ணைக் கிளறினால் கோலிக்குண்டு அளவில்தான் ஏதாவது இருக்கும். காரணம் இரவு வெப்பம். உருளை கிழங்கு பிடிக்க இரவு 15 முதல் 18 பாகை வேண்டும், 22-ஐத் தாண்டினால் கிழங்கு கட்டுவது ஏறக்குறைய நின்றுவிடும். பீடோர், சுங்காய், தெலுக் இந்தான் பக்கமெல்லாம் இரவில் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. பகலில் இலை சேர்த்த மாவை இரவில் செடியே மூச்சுவிட்டுச் செலவழித்துவிடுகிறது. தாப்பாவிலிருந்து மேலே ஏறி 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரன் மலைத் தானா ராத்தாவில் கதை வேறு. அந்தக் குளிரை உரம் போட்டு இங்கே கொண்டுவர முடியாது.

இன்னும் இரண்டு தடைகள். கடையில் வாங்கும் கிழங்குக்குப் பெரும்பாலும் முளைதடுப்பு மருந்து அடித்திருப்பார்கள், அதனால் முளை தாமதமாகும் அல்லது நோஞ்சானாக வரும். அடுத்தது பாக்டீரியா வாடல். கத்தரி, தக்காளி, மிளகாய், இஞ்சி வாடிச் செத்த மண்ணில் உருளையும் அதே நோயில் போகும். சந்தேகம் வந்தால் வாடிய தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்நிற நூல் இறங்கினால் அந்த நோய்தான். அந்தப் பாத்தியில் கத்தரிக் குடும்பத்துச் செடி எதையும் சில வருடங்களுக்கு வைக்காதீர்கள்.

அதே துண்டு நிலம் சக்கரவள்ளியைத் தாராளமாகக் கொடுக்கும். அது கங்கோங் கீரையின் உறவு, உருளைக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. நம் வெயிலும் வெப்பமும் அதற்குப் பிடித்தவை.

ஈயமண்:

ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அவித்துக் குழந்தைக்குப் பிசைந்து கொடுக்க, தேங்காய்ப்பாலில் பெங்காட் காய்ச்ச என்றால் ஆரஞ்சு சதை. மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி வெளியிட்ட விட்டாத்தோ இந்த வகை. பீட்டா கரோட்டின் நிறைய, சதையில் ஈரம் அதிகம். கூவே கெரியா என்ற கிழங்குப் பலகாரம் சுட, எண்ணெயில் பொரிக்க, புளிக்குழம்பில் போட, மாவாக உதிரும் மஞ்சள் அல்லது வெள்ளைச் சதை நல்லது. ஈரச்சதைக் கிழங்கில் கெரியா பிசைந்தால் மாவு கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கடைசியில் கிழங்கு ருசியே தெரியாது. ஊதா வேண்டுமானால் மார்டியின் அங்குன் வரிசை இருக்கிறது. ஊதாக் கிழங்கு மாவில் சோடா உப்பு சேர்த்தால் நிறம் நீலம், பச்சை என்று மாறிவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

பாசாரில் கிழங்கு வாங்கி முளைக்க வைத்தும் கொடி எடுக்கலாம். ஆனால் வெளித்தோலைப் பார்த்து ரகம் சொல்ல முடியாது. ஒன்றை வெட்டிச் சதையைப் பார்த்து, அவித்துத் தின்று பார்த்த பிறகே மீதியை முளைக்கப் போடுங்கள்.

மண்ணைப் பொறுத்தவரை பழைய ஈயக்குட்டை மணலில் தண்ணீர் தேங்காது, கிழங்கு நேராக, வழவழப்பாக வரும். ஆனால் மழை பெய்தால் உரம் அத்தனையும் கீழே ஓடிவிடும். அங்கே உரத்தை நாலு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். செம்மண், களிமண்ணில் அந்தக் கவலை குறைவு. அங்கே பாத்தி உயரம்தான் எல்லாம்.

பத்தடிப் பாத்தி:

அளவுகளைப் பத்தடி நீளப் பாத்திக்குச் சொல்கிறேன். உயரம் ஒரு அடிக்குக் குறையாமல், களிமண் என்றால் ஒன்றேகால் அடி. ஒரு பாத்தி நடுவிலிருந்து அடுத்த பாத்தி நடு மூன்றடி. நம் மண் பெரும்பாலும் புளிப்பு மண், ஆகவே நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே டோலமைட் சுண்ணாம்பு அரைக் கிலோவைத் தூவிக் கிளறுங்கள்.

கொடியின் நுனித்துண்டு ஒரு அடி நீளம், அடிக்கு ஒன்றாகப் பத்துத் துண்டு போதும். நுனியைத்தான் எடுக்க வேண்டும். சக்கரவள்ளி வண்டு முட்டை வைப்பது முற்றிய அடிக்கொடியில், அதை நட்டால் பூச்சியையும் சேர்த்து நட்டதாகும். வெட்டிய துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி ஒரு நாள், இரண்டு நாள் நிழலில் வைத்தால் கணுவில் வேர் எட்டிப்பார்க்கும். சாய்வாக வைத்து மூன்று நான்கு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள்.

உரம் நீலக்குருணை 12:12:17:2 (தழை, மணி, சாம்பல், மக்னீசியச் சத்துகளின் அளவு). மொத்தம் 140 கிராம், மணல் மண் இல்லையென்றால் பாதியை இரண்டாம் வாரம், மீதியை ஐந்தாம் வாரம். அதற்குப் பிறகு வேண்டாம்.

லயத்துப் பெண்:

அக்கா, எங்கள் வரிசையில் பல பாத்திகளில் கொடி தரை தெரியாமல் படர்ந்திருக்கிறது, கீழே பென்சில் மொத்தத்தில் வேர்தான். கோழி எரு நிறையப் போட்ட பாத்திகள். அதுதான் காரணமா?

பத்தடிப் பாத்தி:

ஆமாம் தங்கச்சி, முதல் காரணம் அதுதான். கோழி எருவில் தழைச்சத்து அதிகம், அது கொடிக்கே போய்விடும். எரு போட்ட இடத்தில் முதலில் கீரையோ பயற்றங்காயோ ஒரு போகம் எடுத்துவிட்டு, பிறகு கிழங்கு வையுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். எந்த வேர் கிழங்காகும் என்பது நட்ட முதல் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் முடிவாகிவிடும். அந்த நேரம் பாத்தியில் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது, நார் ஏறிப் பென்சிலாகவே நின்றுவிடும். ஒரேயடியாகக் காய்ந்தாலும் இதே கதி. பின்னால் எத்தனை உரம் போட்டாலும் அந்த வேர் பருக்காது. மூன்றாவது, நிழல். செம்பனை ஓலை மறைக்கும் இடத்தில் கிழங்கை எதிர்பார்க்காதீர்கள். அங்கே கொழுந்துக் கீரைக்காக வைத்துக்கொள்ளலாம், பூண்டு தட்டிப் போட்டு வதக்க அருமையாக இருக்கும்.

செம்பனை ஓரம்:

செம்பனை மில்லில் பழம் உதிர்த்த பின் கிடைக்கும் வெறுங்குலையை மூடாக்காகப் போடுகிறவர்களுக்கு ஒன்று. சாம்பல்சத்து உண்டு, களை அடங்கும், நல்லதுதான். ஆனால் குவித்து மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டை வைக்கும், அடுத்த வயலில் இருக்கும் செம்பனை இளங்கன்றுகளின் குருத்தைத் துளைத்துவிடும். ஒரே அடுக்காகப் பரப்புங்கள், மேலே மேலே அடுக்காதீர்கள்.

எலிக்குத் தோட்டத்து ஆந்தைக் கூடுகள் ஓரளவு உதவும். காட்டுப்பன்றிக்கு வேலி தவிர வேறு வழியில்லை. கிழங்கு பருத்த பிறகு வேலி போடலாம் என்று காத்திருந்தால் ஒரே இரவில் பாத்தி உழுத வயலாகிவிடும்.

ஈயமண்:

சக்கரவள்ளி வண்டைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், இந்தப் பயிருக்கு அதைவிடப் பெரிய எதிரி இங்கே இல்லை. எறும்பைப் போல ஒல்லியாக இருக்கும், அரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மேல், தலையும் முதுகும் கருநீலம், நடுவும் காலும் செம்மை. அதற்கு மண்ணை ஆழமாகத் தோண்டத் தெரியாது. வெடிப்பு வழியாகத்தான் கிழங்கை எட்டுகிறது. ஆகவே வெயில் நாளில் பாத்தி வெடித்தால் அன்றே மண்ணை இழுத்து மூடுங்கள். எப்படியும் 30-ஆம் நாளும் 60-ஆம் நாளும் மண் அணைக்க வேண்டும்.

வேலியில் ஏறிக் கிடக்கும் காட்டு ஊதாப்பூக் கொடியும் அதே இனம், வண்டு அதில் தங்கிப் பிழைக்கும். பூ அழகாக இருக்கிறதென்று விடாதீர்கள். அறுவடை முடிந்ததும் மண்ணில் ஒரு துண்டுக் கிழங்குகூட விடாமல் பொறுக்கி எடுங்கள். அடுத்த போகத்துக்குக் கடலை, சோளம் என்று மாற்றுங்கள். பெரோமோன் பொறி கிடைத்தால் வையுங்கள், ஆனால் அதில் விழுவது ஆண் வண்டு மட்டும்தான்.

துளை விழுந்த கிழங்கு கசக்கும். துளை இருந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு அவித்தாலும் கசப்பு போகாது. பூசணம் பிடித்த கிழங்கை மாட்டுக்கும் போடக் கூடாது, நுரையீரல் பாதித்து மாடு செத்துப்போகும். ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள்.

பத்தடிப் பாத்தி:

பொங்கலுக்குக் கிழங்கு வேண்டுமானால் செப்டம்பர் நடுவில் நடுங்கள், 120 நாள் சரியாக வரும். அக்டோபர், நவம்பர் மழை குறுக்கே இருப்பதால் பாத்தியை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, வாய்க்கால் நுனியைத் திறந்துவிடுங்கள்.

100 நாளுக்கு மேல் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். கிழங்கை நறுக்கினால் கசியும் பால் வெள்ளையாகக் காய்ந்தால் முற்றியாயிற்று, கறுத்தால் இன்னும் பத்து நாள் விடுங்கள். 130 நாளைத் தாண்டவிட்டால் வண்டுக்குத்தான் விருந்து. எடுப்பதற்கு நாலைந்து நாள் முன் கொடியை அறுத்தால் தோல் கெட்டியாகும்.

தோண்டியதைக் கழுவாதீர்கள். நிழலில் பரப்பிச் சாக்கு மூடி ஒரு வாரம் வைத்தால் காயம்பட்ட இடம் ஆறி இனிப்பும் கூடும். இதற்கு 30 பாகை வெப்பமும் நல்ல ஈரக்காற்றும் வேண்டும், அது நம் ஊரில் சும்மாவே கிடைக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், எவ்வளவு அவித்தாலும் நடுச்சதை வேகாமல் கட்டையாக நிற்கும்.

லயத்துப் பெண்:

அறுத்த கொடியையே அடுத்த நடவுக்கு எடுக்கலாமா அக்கா?

பத்தடிப் பாத்தி:

நாலு மாதக் கொடி வேண்டாம் தங்கச்சி, அது களைத்த கொடி, வண்டும் இருக்கும். பாத்தி நடும்போதே ஆறேழு துண்டை ஒரு மூலையில் தனியாக நட்டு வையுங்கள். கிழங்கு எடுக்கும் பாத்தியிலிருந்து தள்ளி இருக்கட்டும். அதற்குக் கோழி எரு போடலாம், அங்கே நமக்குக் கொடிதானே வேண்டும். ஒன்றரை மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும், மூன்றாம் மாதத்தில் அடுத்த நடவுக்கு வேண்டிய நுனித்துண்டு அங்கேயே கிடைக்கும். இலை சுருங்கி மஞ்சள் புள்ளி விழுந்த செடியிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள்.