பள்ளிக்கரணைப் பூநாரைக்கு 1.4 கன்வெர்ட்டர் வாங்கலாமா, கிராப் போதுமா?

சதுப்புநிலவாசி:
என்னிடம் இருப்பது 300 எம்.எம். எஃப்/4 லென்ஸ், 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய ரேடியல் ரோட்டில் நின்று எடுத்தால் பூநாரை கடுகளவுதான் வருகிறது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே 1.4 டெலிகன்வெர்ட்டர் (படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் துணை லென்ஸ்) போட்டால் 420 ஆகிவிடுமாம். வாங்கலாமா? என்னிடம் உள்ள 18-55, 50 எம்.எம். லென்ஸ்களிலும் மாட்டலாமா?

வேளச்சேரிக்காரன்:
வேண்டாம் தம்பி. ஒரு ஸ்டாப் வெளிச்சம், அதாவது பாதி, போய்விடும், எஃப்/4 லென்ஸ் எஃப்/5.6 ஆகும். அதே ஷட்டர் வேகம் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) இரட்டிப்பாகும், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்) ஏறும். வெயில் ஏறியதும் தண்ணீர் மேல் காற்று நெளியுமே, அதையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுக்கும். பேசாமல் எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டிக் கிராப் பண்ணுங்கள்.

கூழைக்கடா:
வேளச்சேரி அண்ணா, கிராப் பண்ணினால் மட்டும் கானல் பெரிதாகாதா? அதே அளவுக்குத்தான் ஆகும். நாய்ஸும் அப்படித்தான். 300-ஐ 4-ஆல் வகுத்தாலும் 420-ஐ 5.6-ஆல் வகுத்தாலும் லென்ஸ் திறப்பின் அகலம் 75 எம்.எம்.தான். அதாவது, ஒரே ஷட்டர் வேகத்தில் அந்தப் பறவையிலிருந்து லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் 420 அளவுக்குக் கிராப் பண்ணினால் 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது 12. இறகு விவரம் அங்கேதான் போகிறது.

தம்பி, 18-55-லும் 50-லும் மாட்டிப் பார்க்கவே பார்க்காதீர்கள். கம்பெனி கன்வெர்ட்டர் பலவற்றில் முன்கண்ணாடி துருத்திக்கொண்டிருக்கும். பின்பக்கம் இடமில்லாத லென்ஸில் திருகினால் கண்ணாடியில் இடிக்கும். எந்தெந்த லென்ஸுக்குப் பொருந்தும் என்று கம்பெனியே பட்டியல் தருகிறது, அதில் உங்கள் 300 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வேளச்சேரிக்காரன்:
கணக்கு சரி. ஃபோகஸ்? பழைய டிஎஸ்எல்ஆர் பலவும் எஃப்/5.6 வரைதான் ஆட்டோஃபோகஸ் செய்யும். நான் 200-500 எஃப்/5.6 ஜூமில் 2எக்ஸ் (இரண்டு மடங்கு) கன்வெர்ட்டர் போட்டு எஃப்/11 ஆக்கிவிட்டு, பெரும்பாக்கம் ஏரியில் ஒரு காலை முழுக்கக் கரும்பருந்துகளைத் துரத்தினேன். ஒரு படம்கூடத் தேறவில்லை. அந்த வலியில்தான் சொல்கிறேன்.

கூழைக்கடா:
அது 2எக்ஸ் செய்த வேலை அண்ணா. எஃப்/11-இல் ஃபோகஸ் பிடிக்க மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை) கேமரா வேண்டும். தம்பியுடையது எஃப்/5.6-இலேயே நின்றுவிடுகிறது. இன்னொன்று, கன்வெர்ட்டர் போட்டாலும் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் மாறாது. முன்பு எவ்வளவு கிட்டே போனீர்களோ அங்கேயே நின்று தட்டானை 1.4 மடங்கு பெரிதாக எடுக்கலாம். நான் கன்வெர்ட்டரைக் கழற்றாமல் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

வேளச்சேரிக்காரன்:
தட்டானுக்கு ஒப்புக்கொள்கிறேன். பறக்கும் பறவைக்கு இன்னும் இல்லை. எஃப்/5.6-இல் ஃபோகஸ் கிடைக்கும், ஆனால் வேகம் குறையும். நிற்கிற பூநாரைக்குக் கவலையில்லை, கூட்டம் கிளம்பும்போது பாருங்கள்.

சதுப்புநிலவாசி:
அப்போ வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கு ட்ரைபாடில் வைத்து, ஒரே பூநாரையைக் கன்வெர்ட்டரோடும் இல்லாமலும் எடுத்து இரண்டையும் இங்கே போடுகிறேன்.

வேளச்சேரிக்காரன்:
பறக்கும்போதும் பத்து ஃப்ரேம் எடுங்கள் தம்பி. நானும் வருகிறேன்.