இரண்டு சர்வர்கள், ஒரு செஷன்: எங்கே வைப்பது?

வண்ணை_நிரலர்:
பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள ஒரு மொத்தத் துணி வியாபாரிக்காக, சில்லறைக் கடைக்காரர்கள் இணையத்தில் ஆர்டர் போடும் தளம் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியது. தீபாவளி நெருக்கடியை ஒரே சர்வர் தாங்காது என்று இரண்டாவதைச் சேர்த்து, முன்னால், வரும் கோரிக்கைகளை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் வைத்தோம். அதன்பின், சரக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்போதே பலர் லாகின் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். மறுபடி உள்ளே வந்தால் கூடை காலியாக இருக்கிறது. செஷன் கோப்புகள், அதாவது உள்ளே வந்தவர் யார், கூடையில் என்ன என்ற குறிப்புகள், அந்தந்த சர்வரின் வட்டிலேயே கிடப்பதுதான் காரணம்; ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. செஷனையே கைவிட்டு ஜேடபிள்யூடி டோக்கனுக்கு (பயனரின் விவரத்தைக் கையொப்பமிட்டு அவரிடமே கொடுத்துவிடும் அடையாளச் சீட்டு) மாறலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். உங்கள் கருத்து என்ன?

ராயபுரம்_ரயிலடி:
தயங்காமல் மாறிவிடுங்கள். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறை தன்னளவில் யாரையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதைச் சரிக்கட்டத்தான் 1994இல் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தில் லூ மோன்டுலி, உலாவி சேமித்துவைத்து ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பான குக்கியைக் கொண்டுவந்தார். சர்வரில் செஷனைச் சேமிக்கும் பழக்கமும் அதையொட்டி வளர்ந்ததே. 2015இல் ஆர்எஃப்சி 7519 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்த ஜேடபிள்யூடியில் பயனர் எண், உரிமை, காலாவதி நேரம் ஆகிய எல்லாமே டோக்கனுக்குள் வைத்துக் கையொப்பமிடப்படுகின்றன. சரிபார்க்கும் சாவி இரண்டு சர்வர்களிலும் இருந்தால் போதும்; நாளை மூன்றாவது வந்தாலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

காசிமேடு_கரை:
நண்பர் சொல்லும் வசதியே இங்கே ஆபத்து. ஆர்டர் பிடிக்கும் ஊழியர் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டார், அவருடைய அனுமதியை இந்த நிமிடமே நீக்கு என்று முதலாளி சொன்னால், ஏற்கெனவே கையொப்பமிட்டுக் கொடுத்த டோக்கனை எப்படித் திரும்பப் பெறுவீர்கள்? காலாவதியாகும் வரை அது செல்லும். செஷன் சர்வர் பக்கம் இருந்தால் ஒரு பதிவை அழித்தால் வேலை முடிந்தது. மேலும், வழக்கமான ஜேடபிள்யூடியில் கையொப்பம் மட்டுமே உண்டு. உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. ஆகவே வாடிக்கையாளருக்கென்று பேசிவைத்த தள்ளுபடி விகிதத்தை அதில் போட்டால், டோக்கனைக் கையில் வைத்திருப்பவர் எவரும் படித்துவிடலாம். டோக்கனை உலாவியின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தாலோ, பக்கத்துக்குள் எப்படியோ நுழைந்துவிட்ட ஒரு ஸ்கிரிப்ட் அள்ளிக்கொண்டு போகும். ஸ்கிரிப்டுகளின் கண்ணுக்குத் தெரியாத எச்டிடிபிஒன்லி குக்கியை அப்படி வாசிக்க முடியாது. செஷன்களை இரண்டு சர்வர்களுக்கும் பொதுவான ஒரு ரெடிஸுக்கு (நினைவகத்தில் இயங்கும் தரவுச் சேமிப்பு) மாற்றுங்கள். பிஎச்பி அமைப்புக் கோப்பில் ஓரிரு வரி வேலைதான்.

தண்டையார்பேட்டை_வாசி:
ஸ்டிக்கி செஷன் போட்டு, ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கே அனுப்பினால் ஆகாதா?

காசிமேடு_கரை:
இன்றைய அவசரத்துக்கு ஆகும். ஆனால் ஒரு சர்வரை நிறுத்தினால் அதில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள்.

ராயபுரம்_ரயிலடி:
ரெடிஸ் விழுந்தால் மட்டும் என்ன ஆகும்? பாதிப் பேருக்குப் பதிலாக எல்லோருமே வெளியே நிற்பார்கள்! திரும்பப் பெறுவதற்கும் வழி இருக்கிறது: டோக்கனின் ஆயுளை 15 நிமிடமாகக் குறைத்து, அது தீர்ந்ததும் புதியது வாங்கப் புதுப்பிப்பு டோக்கன் ஒன்றைத் தனியே கொடுக்கலாம்.

காசிமேடு_கரை:
அந்தப் புதுப்பிப்பு டோக்கனை ரத்து செய்ய வேண்டுமானால், அதைத் தரவுத்தளத்தில் குறித்து வைத்து ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் தேட வேண்டும். செஷனை வாசல் வழியாக அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறமாகக் கூட்டிவருவதற்குப் பெயர் எளிமையா? ரெடிஸ் விழும் என்ற அச்சம் நியாயமானதுதான். அதனால்தான் கூடையைச் செஷனில் வைக்கக் கூடாது என்கிறேன். அது மைசீக்வெல் தரவுத்தளத்தில் தனி அட்டவணையாக இருக்கட்டும். ரெடிஸ் போனால் போவது லாகின் மட்டுமே, ஆர்டர் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிஎச்பியின் கோப்புச் செஷன், ஒரு கோரிக்கை முடியும் வரை அடுத்ததைக் காக்க வைக்கும் பூட்டுடன் வருகிறது. பிஎச்பிக்கான ரெடிஸ் நீட்சியில் அந்தப் பூட்டு இயல்பாக அணைந்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கைகள் வந்தால், கடைசியில் எழுதியது முந்தையதை அழித்துவிடும். ஒருவர் சட்டையையும் வேட்டியையும் அடுத்தடுத்துச் சொடுக்கினால் கூடையில் வேட்டி மட்டும் மிஞ்சும். கூடையைப் பிரிக்கும் வரை பூட்டை இயக்கி வையுங்கள்.

வண்ணை_நிரலர்:
கூடையைப் பிரிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் கடைக்காரர் பாதி ஆர்டரில் கல்லாவுக்கு எழுந்துபோய்விட்டு அரை மணி கழித்துத் திரும்பினாலும் வெளியேற்றப்படுகிறாரே? ஒரே சர்வர் இருந்தபோதும் இந்தப் புகார் உண்டு.

காசிமேடு_கரை:
செஷன் ஆயுளின் இயல்பு மதிப்பு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். ரெடிஸிலும் அதே எண்தான் காலாவதியாக அமையும். கடை நேரத்துக்கு ஏற்ப அதை உயர்த்துங்கள். விலைப்பட்டியலைத் திருத்தும் முதலாளி கணக்குக்கு மட்டும், உங்கள் நிரலிலேயே நேரம் பார்த்துக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். லாகின் ஆனவுடன் செஷன் எண்ணைப் புதிதாக மாற்றித் தருவதையும் விட்டுவிடாதீர்கள். முன்கூட்டியே ஓர் எண்ணைத் திணித்துவிட்டுக் காத்திருக்கும் தாக்குதலுக்கு அதுவே தடை.

ராயபுரம்_ரயிலடி:
உலாவியைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் மாதவரம் கிடங்கில் இருப்பு பார்க்கும் மென்பொருள் இந்தத் தளத்தோடு பேச வேண்டி வந்தால், அங்கே குக்கியும் இல்லை, லாகின் பக்கமும் இல்லை. அதற்குக் குறுகிய ஆயுள் டோக்கன்தான் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

காசிமேடு_கரை:
அதை நான் மறுக்கவே இல்லையே.