எடின்பரா ஃப்ரிஞ்ச் விழாவுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தேவைப்படும்?

காவிரிக்கரை:
மகள் ஸ்காட்லாந்தில் எடின்பராவில் மேற்படிப்பு படிக்கிறாள். ஆகஸ்டில் அவளோடு போய் இருக்கப் போகிறேன். அந்த மாதம் ஊரே ஃப்ரிஞ்ச் நாடக விழாவாக இருக்குமாம். அவள் பகலில் பார்ட் டைம் வேலைக்குப் போய்விடுவாள். எனக்கு நாடகம் என்றால் உயிர், ரூமில் அடைந்து கிடக்க முடியாது. இங்கிலீஷ் பேப்பர் படிப்பேன், பேங்க் ஃபாரம் நிரப்புவேன், வாய்தான் வராது. எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசினால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். இங்கே ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் டென்ஸிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். அங்கே நிஜமாகவே என்னதான் பேச வேண்டி வரும்?

குளிர்தேசத்தான்:
அக்கா, நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன். ஆகஸ்டில் ஒரு அரங்க வாசலில் டிக்கெட் ஸ்கேன் செய்வேன். டென்ஸைத் தள்ளி வையுங்கள்.

ஒரே அரங்கில் மணிக்கொரு நாடகம் நடக்கும். அதனால் ஒரே வாசலில் இரண்டு மூன்று க்யூ நிற்கும். யாரிடமாவது நாடகத்தின் பெயரைச் சொல்லி "இஸ் திஸ் த க்யூ ஃபார்...?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். இதைக் கேட்காமல் நின்று வேறு நாடகத்தில் போய் உட்காரும் வெள்ளைக்காரர்களே உண்டு. பல இடங்களில் தாமதமாக வந்தால் உள்ளே விட மாட்டார்கள், கெஞ்சினாலும் நடக்காது. ஒவ்வொரு அரங்குக்கும் ஒரு வென்யூ நம்பர் உண்டு, வாசல் போர்டில் இருக்கும். வழி தெரியாவிட்டால் அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

க்யூவில் பக்கத்தில் நிற்பவர் "ஸீன் எனிதிங் குட்?" என்பார். இங்கே ஆகஸ்டில் குசலம் விசாரிப்பதே இப்படித்தான். பார்த்த நாடகத்தின் பெயர், "லவ்லி" அல்லது "நாட் ஃபார் மீ", கடைசியில் "அண்ட் யூ?" போதும். அப்புறம் அவரே பேசிக்கொண்டிருப்பார், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பழக வேண்டுமா? ராயல் மைல் தெருவுக்குப் போங்கள். நடிகர்களே நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். நம் ஊரில் நோட்டீஸ் கொடுப்பவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போவோம், இங்கே நின்று பேசுங்கள். "வாட்ஸ் இட் அபௌட்?", "ஹவ் லாங் இஸ் இட்?" இரண்டே கேள்வி. புரியவில்லை என்றால் "ஸ்லோலி, ப்ளீஸ்". டிக்கெட் விற்றாக வேண்டுமே, பத்து தடவை கேட்டாலும் சிரித்த முகமாகச் சொல்வார்கள். எந்தக் கிளாஸிலும் இந்தப் பொறுமை கிடைக்காது.

மேடைப்பித்து:
முதலில் சர்க்கஸ், நடனம், ஊமை நாடகம் என்று பாருங்கள். மூவாயிரத்துக்கும் மேல் நிகழ்ச்சிகள் வரும் விழா, எல்லாமே கிடைக்கும். ஸ்டாண்டப் காமெடி கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஊர் அரசியல் தெரியாமல் சிரிப்பு வராது. தப்பித் தவறியும் முதல் வரிசையில் உட்காராதீர்கள், "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்று பிடித்துக்கொள்வார்கள்.

காவிரிக்கரை:
கேட்கட்டுமே, கும்பகோணம் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த ஆளுக்கு வாயில் நுழைகிறதா பார்ப்போம்! தம்பி, அந்த நோட்டீஸ் யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. இலவச நிகழ்ச்சிகளும் உண்டு என்கிறாளே மகள், அங்கே என்ன சொல்ல வேண்டும்? பஸ்ஸில்?

குளிர்தேசத்தான்:
நுழைவுதான் இலவசம். முடிந்ததும் நடிகரே வாசலில் வாளியோடு நிற்பார். பிடித்த அளவுக்குப் போடுங்கள், பெரும்பாலும் கார்டு மெஷினும் இருக்கும். "ரியலி என்ஜாய்ட் இட்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

இந்த ஊர் டவுன் பஸ்ஸுக்கு லோத்தியன் பஸ் என்று பெயர். அதில் ஏறும்போது கார்டைத் தட்டினால் போதும், பேச்சே வேண்டாம். காசாகக் கொடுத்தால் சரியாகக் கொடுக்க வேண்டும், மீதி தர மாட்டார்கள். இறங்கும்போது டிரைவருக்கு ஒரு "தேங்க் யூ", எல்லோரும் சொல்வார்கள். அவர் பதிலுக்கு ஏதாவது சொல்வார். ஸ்காட்லாந்து உச்சரிப்பு, எனக்கே பாதி நாள் புரியாது. சிரித்துவிட்டு இறங்குங்கள்.

குடையை நம்பாதீர்கள், இந்த ஊர்க் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.