வாசனை மெழுகுவர்த்தி: பாட்டிலில் மணக்கிறது, ஏற்றினால் மணக்கவில்லை, என்ன தப்பு?

கடலூர்_மீனா:
அக்காவுக்கு வளைகாப்பு, சரியாக 24 நாள் இருக்கிறது. தாம்பூலப் பையில் வைக்க 30 வாசனை மெழுகுவர்த்தி நானே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது தூக்கமே வரவில்லை. முதலில் வீட்டில் இருந்த வெள்ளை மெழுகுவர்த்திகளை உருக்கிப் பன்னீர் ஊற்றினேன். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்று, ஏற்றினதும் சடசடவென்று பொரிந்து அணைந்துவிட்டது. அப்புறம் சோயா மெழுகும் ரோஜா ஃப்ராக்ரன்ஸ் ஆயிலும் வாங்கி, மெழுகு கொதிக்கக் கொதிக்க ஒரு மூடி ஆயில் ஊற்றி, அகல்விளக்குப் பஞ்சுத்திரி போட்டு 200 மில்லி கண்ணாடி டம்ளரில் செய்தேன். மறுநாளே ஏற்றினேன். நடுவில் கிணறு மாதிரி குழி விழுகிறது, சுற்றி மெழுகு அப்படியே நிற்கிறது, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் வாசனை. திருப்பாப்புலியூரில் இருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை_அக்கா:
பயப்படாதே மீனா, 24 நாள் தாராளம். ஆனால் இந்த வாரமே ஊற்றிவிட வேண்டும், ஏன் என்று சொல்கிறேன்.

பன்னீரில் இருப்பது தண்ணீர், அது மெழுகில் கலக்கவே கலக்காது. கேசரி பவுடர் மாதிரி சமையல் கலரும் அப்படித்தான், திட்டுத்திட்டாக நிற்கும். மூடிக் கணக்கையும் விட்டுவிடு, எல்லாம் தராசில்தான். 100 கிராம் மெழுகுக்கு 6 கிராம் ஆயில், அதிகம் போனால் 8. அதற்கு மேல் ஊற்றினால் மெழுகு தாங்காது, மேலே எண்ணெய் வியர்த்து நிற்கும்.

மெழுகைக் கொதிக்க விடவே கூடாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் கிண்ணத்தை வைத்து உருக்கு. தெர்மாமீட்டரில் 75 டிகிரி வந்ததும் இறக்கி, 70-க்கு வரும்போது ஆயில் விட்டு இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறு. 60 பக்கம் வந்தபின் ஊற்று. மெழுகுக்கு மெழுகு இது கொஞ்சம் மாறும், பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதைக் கேள். ஊற்றின டம்ளரை ஃபேனுக்கு அடியில் வைக்காதே, மேல்பக்கம் சுருங்கிப் பள்ளம் விழும்.

முக்கியமான விஷயம், சோயா மெழுகில் வாசனை ஊற வேண்டும். ஊறுகாய் போட்ட அன்றே எடுத்துச் சாப்பிட்டால் எப்படி இருக்கும்? நீ மறுநாளே ஏற்றினாய். இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டு ஏற்றிப் பார், அதே டம்ளர்தானா என்று கேட்பாய்.

குழிக்குக் காரணம் திரி. பஞ்சுத்திரி எண்ணெய்க்குத்தான் சரி. பின்னின பருத்தித் திரி, அடியில் தகரத் தட்டோடு கிடைக்கும், டம்ளரின் அகலத்துக்கு ஏற்ற தடிமனில் வாங்கு. முதல் தடவை ஏற்றும்போது மேல்மெழுகு ஓரம் வரை உருகின பிறகுதான் அணைக்க வேண்டும், பாதியில் அணைத்தால் அடுத்த தடவையும் அந்த வட்டத்துக்குள்ளேயே எரியும். இதை ஒரு சீட்டில் எழுதிப் பையில் போடு.

மஞ்சக்குப்பம்_ரவி:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் சகோதரி, தயவுசெய்து இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மனைவி போன வருடம் வாணலியை நேராக அடுப்பில் வைத்து மெழுகு உருக்கினாள். போன் வந்து நகர்ந்த நேரத்தில் புகை கிளம்பி, குப்பென்று தீப்பிடித்துவிட்டது. தண்ணீர்க் குடத்தை நான் தூக்கிவிட்டேன், அம்மாதான் என் கையைத் தட்டிவிட்டு, கேஸை அணைத்து, பெரிய தட்டால் வாணலியை மூடினார்கள். தண்ணீர் பட்டிருந்தால் எரியும் மெழுகு முகத்திலேயே தெறித்திருக்கும். அடுப்புப் பக்கத்தில் ஒரு மூடி எப்போதும் இருக்கட்டும்.

மெல்லிய டீ கிளாஸ் சூட்டில் விரிசல் விடும், தடித்த கண்ணாடி வாங்குங்கள். அடியில் ஒரு செ.மீ. மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்பதையும் சீட்டில் சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று, இந்த அக்னி நட்சத்திர வெயிலில் மூடின காருக்குள் பெட்டியை விட்டுவிட்டுப் போனால் சோயா மெழுகு இளகிவிடும்.

கடலூர்_மீனா:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. குழி விழுந்த டம்ளர் மூன்று இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடவா? ரோஜாவுக்குப் பதில் மல்லிகைப் பூவையே உள்ளே போட்டால் நம் ஊர் மணம் வருமா?

முத்தியால்பேட்டை_அக்கா:
பூ வேண்டவே வேண்டாம். மெழுகில் மணம் இறங்காது, திரி கிட்டே வந்தால் பூவும் சேர்ந்து எரியும். மல்லி ஆயில் வாங்கிக்கொள், மெழுகுவர்த்திக்கானது என்று கேட்டு வாங்கு. டம்ளர்களைப் போடாதே, அலுமினிய ஃபாயிலை விளிம்பில் சுற்றி நடுவில் மட்டும் திறந்து வைத்து, பக்கத்திலேயே இருந்து ஏற்று, ஓரம் உருகி மட்டமாகிவிடும். தாம்பூலத்துக்கு 80 மில்லி கண்ணாடிக் கப் போதும். கப்புக்கு 60 கிராம் என்றால் முப்பதுக்கு 1,800 கிராம் மெழுகு, ஆயில் 108 கிராம். மூன்று மட்டும் முதலில் செய்து, திரி சரியா என்று பார்த்துவிட்டு மீதியை ஊற்று.

கடலூர்_மீனா:
இப்போதே தராசு எடுத்து வைத்துவிட்டேன் அக்கா. நாளைக்குக் காலையில் மூன்று கப் ஊற்றிவிட்டு வந்து சொல்கிறேன்.