ராத்திரியில் 16 லிட்டர் பெட்ரோல் குறைகிறது: டேங்க் ஒழுகுகிறதா, மெஷின் குழப்புகிறதா?

தக்கலைப் பக்கம்:
வணக்கம். தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவே இருக்கும் மாமனாரின் பெட்ரோல் பங்கை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பெட்ரோலுக்கு ஒரு 20 கேஎல் (20,000 லிட்டர்) டேங்க், டீசலுக்கு ஒன்று. ஆடி மாதம் டேங்க் அளவைத் தானாகக் காட்டும் ஆட்டோ கேஜ் பொருத்தினார்கள். அதிலிருந்து ஒரு தலைவலி. ராத்திரி பத்தரைக்குப் பூட்டும்போது பெட்ரோல் 11,800 லிட்டர் என்று காட்டிய கன்சோல் (கேஜின் திரைப்பெட்டி), விடியற்காலை ஐந்தரைக்கு 11,784 என்கிறது. நடுவில் ஒரு நாசிலும் ஓடவில்லை. லோடு இறங்கிய நாட்களில்தான் இப்படி. டிப் ராடு (அளவுக் கம்பி) விட்டுப் பார்த்தால் இரண்டு வேளையும் ஒரே அளவு! மாமா, மெஷின் கள்ளம் சொல்லுது என்கிறார். கணக்கு எழுதும் பையனோ டேங்கில் ஓட்டை என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக் கிணறு இருக்கிறது, அதுதான் பயம். தோண்டிப் பார்க்க வேண்டுமா? (மழைக்குப் பிறகு டீசல் டேங்கில் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அடிக்கும் வாட்டர் அலாரமும் அடித்தது. அது வேறு விஷயம்.)

டிப் ராடு அண்ணாச்சி:
தம்பி, மண்வெட்டியைக் கீழே வையுங்கள். ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரைக்கும் பங்குகளில் கேஜ் மாட்டி, பழுது பார்த்து வயதானவன் நான். லோடு வந்த நாளில்தான் குறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

டேங்கர் லாரி வெயிலில் காய்ந்து வருகிறது. அந்தச் சூட்டுப் பெட்ரோலை மண்ணுக்கடியில் இறக்குகிறோம். ராத்திரி முழுக்க அது ஆறும், ஆறினால் சுருங்கும். 10,000 லிட்டர் பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 12 லிட்டர் குறையும். டீசல் என்றால் எட்டு, ஒன்பது. உங்கள் 11,800-க்கு ஒரு டிகிரி சொச்சம் இறங்கினாலே 16 லிட்டர் கணக்கு சரியாகிவிடும்.

ராடு ஏன் காட்டவில்லை? 20 கேஎல் டேங்க் படுத்திருக்கும் உருளை. நடுமட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கே 12, 13 லிட்டர் நிற்கும். ஈரக்கோட்டை டார்ச் அடித்துப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் எங்கே தெரியும்? அதனால் ராடு சரி, மெஷின் தப்பு என்று மாமா சொல்வதை ஏற்க முடியாது. டேங்குக்குள் நிற்கும் கேஜின் புரோப் கம்பிக்குள் ஒரு மின் துடிப்பு போகும், மிதவையில் இருக்கும் காந்தத்தின் இடத்தில் கம்பி லேசாக முறுக்கி ஓர் அதிர்வைத் திருப்பி அனுப்பும், அது வந்துசேரும் நேரத்தை வைத்து மட்டம் தெரியும். மில்லிமீட்டரில் சின்னப் பங்கைக்கூட அது பிடிக்கும்.

கன்சோல் பிரிண்டில் இரண்டு வால்யூம் இருக்கும். ஒன்று இருக்கிறபடி, இன்னொன்று 15 டிகிரிக்குத் திருத்தியது. திருத்தியதை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், டெம்பரேச்சரோடு இங்கே போடுங்கள்.

முட்டம்காரன்:
பெட்ரோலை விடுங்க. அடைப்புக்குறிக்குள்ள போட்டீங்களே, அந்த டீசல் தண்ணி? படகுக்கு டீசல் போடுற பங்க்ல வேலை பார்த்தவன் சொல்றேன், அதைத்தான் முதல்ல பார்க்கணும்.

தக்கலைப் பக்கம்:
நேற்று ராத்திரியும் லோடு இறங்கியது, அதே கதைதான். பிரிண்ட் எடுத்தேன். ராத்திரி 31.4 டிகிரி, 11,800 லிட்டர், திருத்தியது 11,568. காலையில் 30.3 டிகிரி, 11,784, திருத்தியது அதே 11,568. டீசலில் தண்ணீர் மட்டம் அலாரத்துக்குப் பிறகும் 3 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது. டீசல் அளவு குறையவில்லை, அதனால் ஒழுகல் இல்லை என்றுதான் நினைத்தேன்.

டிப் ராடு அண்ணாச்சி:
பெட்ரோல் சுத்தம். மாமாவிடமும் அந்தப் பையனிடமும் பிரிண்டைக் காட்டுங்கள், டீக்கடைக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

டீசல் விஷயத்தில் முட்டம்காரர் சொல்வதுதான் சரி, நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன் பாருங்கள். நம் மாவட்டத்தில் இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் இரண்டும் கொட்டும். வயலை ஒட்டிய மண்ணில் நிலத்தடி நீர் டேங்கின் இடுப்புக்கே ஏறி நிற்கும். டேங்கின் அடியில் பொத்தல் இருந்து, வெளியே தண்ணீரின் அழுத்தம் அதிகமாக இருந்தால் டீசல் வெளியே போகாது, தண்ணீர் உள்ளே வரும். டீசல் மட்டம் குறையவே குறையாது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போதுதான் டீசல் கிணற்றைத் தேடிப் போகும்.

ஆனால் உடனே பதற வேண்டாம். பல இடங்களில் குற்றவாளி டேங்குக்கு மேலே இருக்கும் மேன்ஹோல் குழிதான். மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணீர் தேங்கியிருக்கிறதா, லோடு இறக்கும் பில் பைப் மூடியின் கேஸ்கெட் வெடித்திருக்கிறதா என்று. தண்ணீரை இறைத்துவிட்டு கேஸ்கெட்டை மாற்றுங்கள். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட் தடவிய ராடு விட்டு, நிறம் மாறுகிற உயரத்தைக் குறித்து வையுங்கள். மழை இல்லாத நாளிலும் அந்த உயரம் ஏறினால் மேன்ஹோலைக் குறை சொல்ல முடியாது.

அப்போது லீக் டெஸ்ட். லோடு இறக்கி எட்டு மணி நேரமாவது போகட்டும், விற்பனையை நிறுத்திவிட்டு கன்சோலில் போடுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் விதிப்படி மணிக்கு 0.2 கேலன், அதாவது 0.76 லிட்டர் ஒழுகலை 95 சதவீத உறுதியோடு இது பிடிக்க வேண்டும், பொய் அலாரம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழைக்காலத்தில் பாஸ் என்று வந்தாலும் நம்பி உட்கார வேண்டாம், தண்ணீர் மட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று: இந்த டெஸ்ட் டேங்கை மட்டும்தான் பார்க்கும். பம்புக்குப் போகிற பைப்பில் ஒழுகினால் தினசரி ஸ்டாக் கணக்கில்தான் தெரியும். காலையில் பம்ப் சரியாக ஊற்றுகிறதா என்று ஐந்து லிட்டர் கேனில் அளந்து திரும்ப ஊற்றுவதை எழுத மறக்காதீர்கள், பல பங்கில் அந்த ஐந்துதான் பேயாக வரும்.

முட்டம்காரன்:
பெட்ரோல் டேங்க்லயும் அடியில நிக்கிற தண்ணியைக் காட்டுற வாட்டர் மிதவையை நம்பாதீங்க. இப்போ எத்தனால் கலந்து வருது, கொஞ்சம் தண்ணி இறங்கினா எத்தனால் இழுத்துக்கும், அடியில தனியா நிக்காது. அளவு மீறினாத்தான் எத்தனாலும் தண்ணியுமாப் பிரிஞ்சு அடியில இறங்கும். பழைய மிதவை அதைத் தண்ணின்னே எடுத்துக்காது. டென்சிட்டியை தினமும் பாருங்க.

தக்கலைப் பக்கம்:
மேன்ஹோல் திறந்தேன். முழங்கால் தண்ணீர், மேலே ஒரு தவளை. கேஸ்கெட் கையில் எடுத்ததும் உதிர்ந்தது. எண்ணெய் கம்பெனி சேல்ஸ் ஆபீசரிடம் சொல்லி டீசல் விற்பனையை நிறுத்தியிருக்கிறேன். தண்ணீரை எடுத்தபின் பேஸ்ட் அளவைப் போடுகிறேன், அண்ணாச்சி.